களப்பதிவில் குரலும் இரைச்சலும்
கல்வராயன் மலைப் பகுதியை முன்வைத்து முன்பெருக்கித் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

நாட்டார் வழக்காற்றியலும் கிளைமொழியியலும் தமிழ்த்துறைகளில் பாடமாகவும் ஆய்வேட்டுப் பொருளாகவும் இடம்பெற்ற நாள்தொட்டு, களத்திற்குச் செல்லும் மாணவர் குறிப்பேட்டுடன் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் எடுத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. தகவலாளரை அணுகும் முறை, வினாநிரல் அமைத்தல், பனுவலைப் பெயர்த்தெழுதல் ஆகியவற்றை ஆசிரியர்கள் விரிவாகக் கற்பிக்கின்றனர். கருவி எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்ற வினாவோ கடைக்காரரின் பொறுப்பில் விடப்படுகிறது. அவ்வினாவின் ஒரு கூறாகிய முன்பெருக்கியைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. பொறியியலாரின் பொருளைத் தமிழ் மாணவர் ஏன் அறிதல் வேண்டும் எனக் கேட்கலாம். அதற்கு ஒரு மொழியியற் சான்றே விடையாகும்.

பேச்சுத் தமிழில் ‘அவன்’ என்பதன் இறுதி னகரம் தனி மெய்யாக ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிர் மூக்கொலி பெற்று நின்றுவிடுகிறது. ‘அவள்’ என்பதன் இறுதி ளகரமோ மறைந்தே போகிறது. எனவே பேச்சில் ஆண்பாலையும் பெண்பாலையும் பிரித்துக்காட்டுவது அந்த மெல்லிய மூக்கொலி ஒன்றே. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்னும் முற்றுகளிலும் நிலைமை இதுதான். தொடரின் இறுதியில், மூச்சுத் தாழும் இடத்தில், முதியவர் ஒருவர் இச்சொல்லை உரைக்கும்பொழுது அவ்வேறுபாடு பதிவுக்கருவியின் ‘உஸ்’ என்னும் இரைச்சலில் அமிழ்ந்துபோனால், கதையில் வந்தது தம்பியா தங்கையா என்பதை வீட்டிற்கு வந்து பெயர்த்தெழுதுவோர் ஊகித்தே எழுத நேரும். ழகரம் யகரமாகவும் ளகரமாகவும் திரிவதை ஆராய்வோருக்கும், சகரம் எங்கே உரசொலியாகவும் எங்கே அடைப்பொலியாகவும் வருகிறது என்று நோக்குவோருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. சகர உரசொலியின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைவெண்களில் அமைகிறது. கருவியின் இரைச்சல் நம் செவிக்கு உறுத்தலாகத் தோன்றுவதும் ஏறத்தாழ அப்பகுதியிலேயே. ஆதலின் இரைச்சலைச் செவிக்கு இனிமை பற்றிய சிக்கலாக மட்டும் கருதுதல் கூடாது. அது சான்றையே அழிக்கிறது.

கள்ளக்குறிச்சியும் கல்வராயனும்

2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, ஒலிப்பதிவாளருக்கு இருவேறு உலகங்களை ஒருங்கே காட்டும் நிலம். சமவெளியில் கரும்பும் நெல்லும். சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள், கிணற்று மோட்டார்கள், பேருந்துகளின் ஊதொலி. தேர்களுக்கும் திருமேனிகளுக்கும் மரம் செதுக்கும் கலைஞர்களின் பட்டறைகள் இங்குள்ளன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பட்டறையில் பேட்டி காண்போருக்கு உளிமேல் விழும் கொட்டாப்புளியின் ஓசையும் உரையாடலின் பகுதியே. இரவில் தெருக்கூத்து நிகழுமாயின் முகவீணையும் ஆர்மோனியமும் மத்தளமும் கட்டியங்காரனின் குரலும் சேர்ந்து எந்த ஒலிவாங்கியையும் திணறச் செய்யும்.

கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து மலைப்பாதையில் வெள்ளிமலை நோக்கி ஏறினால் காட்சியும் ஒலியும் மாறிவிடுகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகிய கல்வராயன், பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இருபகுதிகளாக வழங்கப்பெறுவது. பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்தது. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் இம்மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் பேசுவது தமிழே, மலையாளம் அன்று. மலையை ஆள்பவர் என்னும் பொருளில் அமைந்த பெயர் அது. காஞ்சிப் பகுதியிலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்றும், உடன்பிறந்தார் மூவர் வழியாகக் கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகிய இடங்களில் தம் குடிகள் பரவின என்றும் அவர்களிடையே வாய்மொழிக் கதை வழங்குகிறது. மூவருள் மூத்தவர் எம்மலைக்குச் சென்றார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடே ஆய்வாளருக்குச் செல்வம்.

இங்கு வேறொரு செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. சடையக்கவுண்டர், குறும்பக்கவுண்டர், ஆரியக்கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்களின் ஆளுகையில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டிற்கு மேலாகியும் அம்முறை நீடித்து, 1976இல்தான் முடிவுக்கு வந்தது. ஜாகிர் காலத்து வரியையும் கட்டாய உழைப்பையும் வளர்ந்த வயதில் கண்டவர் எவராயினும் இன்று எழுபதைக் கடந்தவராகவே இருப்பார். அவர் குரல் உரத்து ஒலிக்கும் என எதிர்பார்க்க இயலாது. மலையூரில் பேரொலி இல்லை என்பதும் பதிவாளருக்கு முழு நன்மையன்று. சமவெளியில் மோட்டார் ஓசை கருவியின் இரைச்சலை மறைத்துவிடும். அமைதியான மலையிரவில், திண்ணையில் அமர்ந்து தாழ்குரலில் பேசும் முதியவளின் பதிவில், கருவியின் குறை அப்பட்டமாகத் தெரியும்.

கூம்பு முதல் கைக்கருவி வரை

இந்திய மொழிகளின் கள ஒலிப்பதிவு நூறாண்டைக் கடந்த வரலாறுடையது. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வுத் திட்டத்தின் சார்பில் 1913 முதல் 1929 வரை பல மாகாணங்களின் பேச்சு இசைத்தட்டுகளில் பதிவாயிற்று. மின்வழி ஒலிப்பதிவு 1925இல்தான் வணிக நிலையில் தோன்றியது. அதற்கு முன் ஒலிவாங்கியும் இல்லை, பெருக்கியும் இல்லை. பேசுவோர் ஒரு கூம்பின் வாயருகே நின்று உரத்துப் பேசவேண்டும். அக்காற்றின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறும். ஆகவே உரத்த குரலினர் மட்டுமே அக்காலப் பதிவுகளில் நிலைபெற்றனர். தாலாட்டின் இயல்பான தாழ்குரலைக் கூம்பு ஏற்றுக்கொள்ளாது.

நெதர்லாந்து நாட்டவரான ஆர்னால்டு பேக் 1938இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து இசையையும் கூத்தையும் பதிவு செய்தார். 1984இல் நசீர் ஜைராஸ்பாய், ஏமி காட்லின் ஆகிய இருவரும் அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே இடங்களுக்குச் சென்று, கலைஞர்களையும் அவர்தம் வழியினரையும் தேடிக் கேட்கச் செய்து மீளாய்வு நிகழ்த்தினர். இன்று நாம் செய்யும் பதிவும் அரை நூற்றாண்டு கழித்து எவரேனும் கேட்பதற்குரியதாய் இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. ஸ்டீபன் குடெல்ஸ்கி 1951இல் உருவாக்கத் தொடங்கிய நாக்ரா நாடாப்பதிவுக் கருவி, களத்திலும் உயர்ந்த தரம் கிட்டும் எனக் காட்டியது. ஆயின் அதன் விலை வானொலி நிலையங்களுக்கும் திரைப்படத்தாருக்கும் உரியது. நம் மாணவருக்கு வாய்த்தது கேசட் கருவியே. கேசட்டில் நாடாவின் இரைச்சல் மிகுதி. அதனால் முன்பெருக்கியின் இரைச்சலைத் தனியே நோக்க வாய்ப்பில்லாதிருந்தது. இலக்கமுறைப் பதிவு வந்தபின் நாடாவின் இரைச்சல் நீங்கிற்று. முன்பெருக்கியின் குறை வெளிப்பட்டது.

முன்பெருக்கி செய்வது யாது?

ஒலிவாங்கி காற்றின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அம்மின்னழுத்தம் மிகச் சிறியது. அதனைப் பதிவு செய்யத்தக்க அளவிற்கு உயர்த்தும் முதற் படியே முன்பெருக்கி. ‘பிரீ ஆம்ப்’ எனக் கடைகளில் வழங்குவது. எவ்வளவு சிறியது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். நம் மேடைகளில் காணும் ஷூர் எஸ்.எம். 58 டைனமிக் வகையைச் சார்ந்தது. ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்திற்கு அது தருவது 1.85 மில்லிவோல்ட். ஒரு பாஸ்கல் என்பது 94 டெசிபல். அது கூச்சலுக்கு ஒப்பானது. ஒரு மீட்டர் தொலைவில் இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல், அதாவது 0.02 பாஸ்கல். எனவே ஒலிவாங்கியிலிருந்து வருவது 37 மைக்ரோவோல்ட் மட்டுமே. அதனை ஒரு வோல்ட் ஆக்க வேண்டுமெனில் ஏறத்தாழ 27,000 மடங்கு பெருக்கவேண்டும்.

பெருக்கும்பொழுது குரலுடன் முன்பெருக்கியின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அவ்விரைச்சலை உள்ளீட்டுச் சம இரைச்சல் என்பர். 150 ஓம் தடையை உள்ளீட்டில் இணைத்து அளந்து, டிபியூ என்னும் அலகில் குறிப்பர். எண் எவ்வளவு கீழே செல்கிறதோ அவ்வளவு நன்று. இதற்கு இயற்கை விதித்த ஓர் எல்லையும் உண்டு. 150 ஓம் தடையே அறை வெப்பத்தில், 20,000 ஹெர்ட்ஸ் அகலத்தில், 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலை எழுப்பும். இது -131 டிபியூ. மிகச் சிறந்த முன்பெருக்கிகள் -127, -128 அளவில் நிற்கின்றன. எளிய கருவிகளில் -110 அளவும் காணப்படும்.

இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மேற்கூறிய 37 மைக்ரோவோல்ட்டோடு ஒப்பிடுக. -110 என்பது 2.45 மைக்ரோவோல்ட் இரைச்சல். குரல் அதனைப்போல் 15 மடங்கே. -128 என்பது 0.31 மைக்ரோவோல்ட், குரல் அதனைப்போல் ஏறத்தாழ 120 மடங்கு. முன்னதில் மூக்கொலி மறையும், பின்னதில் நிற்கும்.

இனிக் கண்டென்சர் வகையைக் காண்போம். ஒரு பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தருவதும், 16 டெசிபல் தன்னிரைச்சல் உடையதுமான ஒலிவாங்கியைக் கொள்வோம். அதே உரையாடலுக்கு அது 400 மைக்ரோவோல்ட் தரும். அதன் தன்னிரைச்சல் மட்டுமே 2.5 மைக்ரோவோல்ட் ஆகும். அதனுடன் -120 டிபியூ முன்பெருக்கியின் 0.78 மைக்ரோவோல்ட் சேரும்பொழுது மொத்த இரைச்சல் 2.6 அளவே, செவிக்கு மாற்றம் தெரியாது. -128 தரும் விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும் இங்குப் பயன் ஏதுமில்லை. -110 கருவியாயின் இரைச்சல் 3 டெசிபல் உயரும். அது குறைதான், ஆனால் பேரிழப்பன்று. இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், முன்பெருக்கியைத் தனியே தேர்ந்தெடுத்தல் இயலாது. ஒலிவாங்கியுடன் இணைத்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும். கைப்பணம் அளவாயிருப்பின், விலைமிகு முன்பெருக்கியையும் டைனமிக் ஒலிவாங்கியையும் வாங்குவதினும், நடுத்தர முன்பெருக்கியுடன் உணர்திறன் மிக்க கண்டென்சர் ஒலிவாங்கியை வாங்குவதே களப்பணிக்கு ஏற்றது என்பது என் கருத்து.

எனினும் டைனமிக் வகையை முற்றிலும் ஒதுக்குதல் பொருந்தாது. மலையில் பனி, ஈரம், திடீர்ச் சாரல் ஆகியவை உண்டு. கண்டென்சர் ஒலிவாங்கி ஈரத்தில் படபடவென ஓசை எழுப்பும். கைதவறி விழுந்தாலும் டைனமிக் பிழைக்கும். அதனைக் கொண்டுசெல்வோர், ஒலிவாங்கிக்கும் கருவிக்கும் இடையே இணைக்கும் சிறு உயர்த்திகளைப் பற்றி அறிந்திருத்தல் நலம். கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் முதலிய அவை 25 டெசிபல் அளவிற்குக் குரலை முன்னரே உயர்த்திக் கொடுக்கும். இரைச்சல் மிக்க கருவியின் குறையை இவை பெரிதும் ஈடுசெய்யும். ஆனால் இவற்றிற்கும் கருவியிலிருந்து 48 வோல்ட் கிடைத்தாகவேண்டும்.

இந்த 48 வோல்ட், ‘பாண்டம்’ மின்சாரம் எனப்படுவது, மின்கலத்தை விரைந்து தீர்க்கும். ஒன்றரை வோல்ட் மின்கலங்களிலிருந்து அதனை உண்டாக்குவதே கருவிக்குப் பெருஞ்சுமை. கருவியின் விளம்பரத்தில் ‘20 மணி நேரம்’ என இருப்பின், அது பாண்டம் இல்லாமல் கணக்கிட்டதா என உசாவுக. மலையூரில் தங்கும் நாள்களுக்கு மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் என நம்பிச் செல்லுதல் கூடாது. கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும் பென்சில் மின்கலங்களில் இயங்கும் கருவியே, தனி வகை மின்கலம் வேண்டும் கருவியினும் நமக்கு ஏற்றது.

உரத்த ஒலிக்கு எதிர்நிலைச் சிக்கல் உண்டு. கூத்துக்களத்திலோ, பக்கீர்கள் தாயிரா முழக்கிப் பாடும் இடத்திலோ, ஒலி 110 டெசிபலை எட்டக்கூடும். மேற்சொன்ன கண்டென்சர் அப்பொழுது 126 மில்லிவோல்ட் தரும்; டிபியூ கணக்கில் -16. சில கைக்கருவிகளின் முன்பெருக்கி இதனைத் தாங்காது முறியும். ஒலி நொறுங்கிப் பதிவாகும். பெருக்கத்தைக் குறைத்தும் பயனில்லை, ஏனெனில் முறிவு வாயிலிலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே கருவி ஏற்கக்கூடிய மிகுதியான உள்ளீட்டளவு யாது, 20 டெசிபல் குறைக்கும் விசை உண்டா என்பவற்றைக் கையேட்டில் நோக்குதல் வேண்டும். பாடகர் ஒருவர் மெல்லத் தொடங்கித் திடுமென உச்சத்தைத் தொடுவது நம் மரபில் இயல்பு. அதற்கென 12 டெசிபலேனும் இடைவெளி விட்டுப் பதிதல் நன்று.

2019 முதல் இவ்வகையில் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. சூம் எஃப்6, சவுண்ட் டிவைசஸ் நிறுவனத்தின் மிக்ஸ்ப்ரீ இரண்டாம் வரிசை ஆகியவை 32 பிட் மிதவைப் புள்ளிப் பதிவைக் கொணர்ந்தன. 2022இல் வந்த சூம் எஃப்3 என்னும் சிறுகருவியில் பெருக்கத்தைத் திருகும் குமிழே இல்லை. உரத்ததையும் தாழ்ந்ததையும் ஒருங்கே ஏற்று, பின்னர்க் கணினியில் அளவைச் சீராக்கிக்கொள்ளலாம். தனியொருவராய்ப் பேட்டியும் கண்டு கருவியையும் கவனிக்கும் மாணவருக்கு இது பெரும் உதவி. ஆயினும் ‘32 பிட் இருந்தால் இரைச்சல் இராது’ எனக் கடைகளில் கூறப்படுவதை ஏற்கலாகாது. இரைச்சல் முன்பெருக்கியில் பிறப்பது. எத்தனை பிட்டில் பதிந்தாலும் அது கூடவே பதியும். ஒலிவாங்கியே திணறி முறிந்த ஒலியையும் அது மீட்காது.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். கைப்பேசிப் பதிவு இல்லாததினும் நன்று. ஆனால் அது தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கியும், இரைச்சலென்று தான் கருதுவதை நீக்கியும், கோப்பைச் சுருக்கியும் சேமிக்கும் இயல்பினது. அது நீக்குவதில் நம் மூக்கொலியும் போகலாம். வேறு கருவி இல்லாவிடின், இத்தகைய தானியங்கு வசதிகளை நிறுத்தி, சுருக்கப்படாத வடிவில் பதியும் செயலியைப் பயன்படுத்துக. 48,000 மாதிரி, 24 பிட், இருதடப் பதிவு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு கிகாபைட் இடம் கொள்ளும். 32 கிகாபைட் அட்டையில் முப்பது மணி நேரம் அடங்கும். இடத்தை மிச்சம்பிடிக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது.

பணம் செலவழியாத பெருக்கி

இத்தனைக்கும் மேலாக, எந்தக் கடையிலும் விற்கப்படாத முன்பெருக்கி ஒன்று உண்டு. அது ஒலிவாங்கியை அருகில் வைத்தல். திறந்த வெளியில் தொலைவு பாதியாகுந்தோறும் குரல் 6 டெசிபல் உயரும். ஒரு மீட்டரிலிருந்து 30 சென்டிமீட்டருக்குக் கொணர்ந்தால் 10 டெசிபலுக்கு மேல், அதாவது மும்மடங்கிற்கு மேல், குரல் வலுப்பெறும். இரைச்சல் இருந்த அளவிலேயே நிற்கும். விலைமிகு கருவி தருவதில் பாதிக்கு மேற்பட்ட பயனை இவ்வொரு செயல் தந்துவிடும். ஆனால் முதியவள் முகத்தருகே கருவியை நீட்டினால் அவள் பேச்சு மாறும். கிளைமொழி மறைந்து, வெளியாரிடம் பேசும் பேச்சு வந்துவிடும். எனவே முதல் நாள் கருவியை வெளியே எடுக்காமல் பழகுக. பின்னர் ஆடையில் செருகும் சிறு ஒலிவாங்கியையோ, தாழ்ந்த தாங்கியில் மார்பளவில் நிறுத்தியதையோ, அவர் இசைவு பெற்றுப் பயன்படுத்துக. காற்றுத் தடுப்புறை இன்றி மலைக்குச் செல்லலாகாது. காற்று மோதும் ஓசை எந்த முன்பெருக்கியையும் முறிக்கும்.

கம்பி வடத்தில் மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். இணைப்பே வேண்டும். சமநிலை வடமாகிய அது, மோட்டார்க் கம்பிகள் எழுப்பும் 50 ஹெர்ட்ஸ் உறுமலை இருவழியிலும் சமமாக ஏற்று, முன்பெருக்கியின் வாயிலில் ஒன்றையொன்று அழிக்கச் செய்யும். கைப்பேசியை அணைத்து, கருவியிலிருந்து விலக்கி வைத்தலும் இன்றியமையாதது. அது கோபுரத்தைத் தேடும்பொழுது எழும் அலை, சில முன்பெருக்கிகளில் ‘டிக் டிக்’ என்னும் ஒலியாய் நுழையும்.

கருவியை வாங்குமுன் துறையிலேயே செய்துபார்க்கத்தக்க சோதனை ஒன்றுண்டு. இயற்பியல் துறை ஆய்வகத்திலிருந்து 150 ஓம் தடை ஒன்றைப் பெற்று, எக்ஸ்.எல்.ஆர். செருகியின் இரண்டாம் மூன்றாம் முனைகளுக்கிடையே பற்றவைத்து, மூடியை நன்கு முடுக்கிக்கொள்க. சில ரூபாய்களே செலவு. அதனைக் கருவியில் செருகி, பாண்டத்தை நிறுத்தி, பெருக்கத்தை உச்சத்தில் வைத்து ஒரு நிமிடம் பதிக. இன்னொரு கருவியிலும் அவ்வாறே செய்க. பெருக்கம் கருவிக்குக் கருவி வேறுபடுமாதலால், இரண்டிலும் ஒரே ஒலிவாங்கியை ஒரே தொலைவில் வைத்து ஒருவர் ஒரே தொடரைப் பேசச் செய்து பதிந்து, கணினியில் அக்குரலின் அளவை முதலில் சமமாக்குக. அதே மாற்றத்தை அமைதிப் பதிவிற்கும் செய்தபின், இரண்டையும் செவியணி கொண்டு கேட்டால் எக்கருவி குறைந்த இரைச்சலுடையது என்பது விளங்கிவிடும். பேசும் தொடரில் ‘அவன்’, ‘அவள்’ என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் இடம்பெறட்டும். ஒரு மாணவர் பேச, அவர் எச்சொல்லைச் சொன்னார் என்பதை அறியாத மற்றொரு மாணவர் பதிவைக் கேட்டு எழுதட்டும்.